தூரிகைக்கு ஏன் முனைவர் பட்டம்?

பல்கலைக்கழகத்தின் மிக உயர்ந்த பட்டத்தைப் பெற்றவரை இலங்கைத் தமிழர் 'கலாநிதி' என்று அழைப்பர். கலைகளின் கருவூலம் என்பது அச்சொல்லின் பொருள். தமிழகத்திலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் 'முனைவர்' என்னும் சொல் வழங்குகின்றது. வேதியியலில் ஆய்ந்தவரும் கலாநிதி. பயிரியலில் ஆய்ந்தவரும் கலாநிதி. ஆனால், கலையையே வாழ்வாகக் கொண்ட ஓவியரும் சிற்பியும் நெடுங்காலம் கலாநிதிகளாக இருந்ததில்லை. அவர்களுக்கு அப்பட்டம் தேவைப்படவும் இல்லை. 1877இல் கொழும்பில் தமிழ்த் தந்தைக்குப் பிறந்து, கீழைநாட்டுக் கலையை மேலைநாட்டார்க்கு விளக்கிய ஆனந்த குமாரசுவாமி, 1906இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் அறிவியல் முனைவர் பட்டத்தைப் பெற்றது பாறைகளையும் கனிமங்களையும் ஆராய்ந்தமைக்காக. அவர் கைவினைஞர்களின் ஊர்களுக்கு நடந்து சென்று, அவர்தம் தொழில்முறைகளைக் கேட்டறிந்து, இடைக்காலச் சிங்களக் கலையைப் பற்றி 1908இல் வெளியிட்ட பெருநூல் எந்தப் பட்டத்தையும் எதிர்நோக்கி எழுதப்பட்டதன்று.

அந்நிலை இப்பொழுது மாறிவிட்டது. ஏறத்தாழ 40 ஆண்டுகளாக மேலைநாடுகளிலும், பின்னர்க் கீழைநாடுகளிலும், ஓவியர் ஒருவர் தம் ஓவியங்களையோ நிறுவல் படைப்புகளையோ நிகழ்த்துகலையையோ ஆய்வாகவே அளித்து, அதனோடு ஓர் ஆய்வேட்டையும் சேர்த்து முனைவராகும் வழி திறந்திருக்கின்றது. கலை வரலாற்றை எழுதி முனைவர் பட்டம் பெறுவது வேறு. அது பழைய வழி. அதன்மேல் எவருக்கும் வழக்கில்லை. இங்கே பேசப்படுவது படைப்பின் வழியாக நடைபெறுவதாகச் சொல்லப்படும் ஆய்வு. ஓவியர் பல்கலைக்கழகத்தில் பதிந்துகொள்கின்றார். நெறியாளர் ஒருவரோ இருவரோ அமர்த்தப்படுகின்றனர். மூன்று நான்கு ஆண்டுகள் அவர் படைக்கின்றார், படிக்கின்றார், எழுதுகின்றார். முடிவில் ஒரு கண்காட்சி. அதனுடன் பொதுவாக 30,000 முதல் 40,000 சொற்கள் வரையிலான ஓர் ஆய்வேடு. முற்றிலும் எழுத்தாலாகிய ஆய்வேட்டுக்கு 80,000 சொற்கள் அளவில் கேட்கப்படும் இடத்தில், இவருக்கு ஏறத்தாழப் பாதி தள்ளுபடி செய்யப்படுகின்றது. தள்ளுபடி செய்யப்பட்ட பாதிக்கு ஈடாகவே படைப்பு நிற்கின்றது என்று கொள்ளலாம்.

ஒரு படைப்பு இத்தனை ஆயிரம் சொற்களுக்கு ஈடு என்று எந்தத் துலாக்கோல் நிறுத்துச் சொன்னது? இந்த வினாவை எழுப்பினால் பழமைவாதி என்று பெயர் சூட்டுவோர் உளர். எனினும் வினா எழுப்பப்பட்டே ஆக வேண்டும். ஏனெனில், இப்பட்டம் ஓவியரின் வேட்கையிலிருந்து பிறந்ததன்று. கணக்கரின் மேசையிலிருந்து பிறந்தது.

இங்கிலாந்தின் கதை இதற்குச் சான்று. 1960இல் வில்லியம் கோல்ட்ஸ்ட்ரீம் தலைமையில் அமைந்த குழு, ஓவியக் கல்லூரிகளின் பட்டயத்தைப் பல்கலைக்கழகப் பட்டத்துக்கு நிகராக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. நிகராக்குவதற்குக் கலை வரலாறும் பிற துணைப்பாடங்களும் எழுத்தும் தேர்வும் வேண்டும் என்று வகுத்தது. கோல்ட்ஸ்ட்ரீம் தாமே ஓர் ஓவியர். ஓவியக்கூடத்துக்குள் தேர்வுத்தாள் நுழையக் கதவைத் திறந்துவிட்டவரும் ஓர் ஓவியரே! நுழைவதற்கும் இனிப் பள்ளித் தேர்வுச் சான்றிதழ் வேண்டும் என்றாயிற்று. கையில் திறனும் சான்றிதழில் குறைவும் உடைய இளைஞர் வெளியே நின்றனர். 1968இல் இலண்டனின் ஹார்ன்சி கலைக் கல்லூரி மாணவர்கள் கல்லூரியைக் கைப்பற்றிப் பல வாரங்கள் அமர்ந்து போராடியபொழுது அவர்கள் எழுப்பிய குறைகளில் இந்த நுழைவுத் தகுதியும் ஒன்று.

பின்னர் ஓவியக் கல்லூரிகள் பலவும் பல்தொழில் கல்லூரிகளோடு இணைக்கப்பட்டன. 1992ஆம் ஆண்டுச் சட்டத்தால் அப்பல்தொழில் கல்லூரிகள் பல்கலைக்கழகங்களாயின. அவ்வாண்டிலேயே, 1986 முதல் நடைபெற்றுவந்த ஆய்வு மதிப்பீட்டில் அவையும் முதன்முறையாகப் பங்கேற்றன. அம்மதிப்பீட்டில் எந்தத் துறை எத்துணை உயர்ந்த தரம் பெறுகின்றதோ அதற்கேற்ப அரசுப் பணம் வரும். களிமண்ணையும் வண்ணத்தையும் மட்டுமே அறிந்திருந்த துறைகளும் 'உங்கள் ஆய்வு யாது?' என்னும் வினாவுக்கு விடையளிக்கும் நிலைக்கு வந்தன. விடை இல்லையெனின் பணம் இல்லை. பணம் இல்லையெனின் துறை இல்லை. ஆதலால், அதுவரை ஓவியம் என்று அழைக்கப்பட்டது, ஓரிரவில் ஆய்வு என்று பெயர் மாற்றிக்கொண்டது. மதிப்பீட்டின் வரையறையும் அதற்கு இடமளித்தது. புதிய புரிதலைத் தருமாயின் உருவங்களும் நிகழ்த்துகலையும் கைவினைப் பொருள்களும் ஆய்வே என்று அது ஒப்புக்கொண்டது.

ஆஸ்திரேலியா இதில் முந்திக்கொண்டது. வுல்லொங்கொங் பல்கலைக்கழகம் 1984இலேயே படைப்புக்கலை முனைவர் பட்டத்தைத் தொடங்கிற்று. அமைச்சர் ஜான் டாக்கின்ஸ் 1988இல் வெளியிட்ட வெள்ளை அறிக்கையைத் தொடர்ந்து அந்நாட்டுக் கலைக் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களுக்குள் இழுத்துக்கொள்ளப்பட்டன; பட்டம் பெருகிற்று. ஐரோப்பாவில் 1999ஆம் ஆண்டுப் பொலோனியா உடன்படிக்கை உயர்கல்விப் படிகளை ஒரே அளவாக்கியது. 2003இல் முனைவர் பட்டம் மூன்றாம் படியாக அதனுள் சேர்க்கப்பட்டது. படி என்று ஒன்று வகுக்கப்பட்டால் ஓவியக் கல்லூரியும் அதில் ஏறியாக வேண்டும் அல்லவா? அமெரிக்காவோ நெடுங்காலம் அடம்பிடித்தது. அந்நாட்டுக் கல்லூரிக் கலைச் சங்கம் 1977இல் நுண்கலை முதுகலைப் பட்டமே படைப்புக் கலைஞருக்குரிய இறுதிப் பட்டம் என்று அறிவித்தது. அதனால் அமெரிக்கக் கலை ஒளி மங்கிப் போய்விட்டது என்று எவரும் சொன்னதில்லை.

பிறப்பு இழிந்தது என்பதற்காக ஒரு பொருளைப் பழிப்பது முறையன்று என்று எதிர்த்தரப்பினர் கூறலாம். அக்கூற்றில் நியாயம் உண்டு. அவர்களிடம் வலுவான வாதமும் உண்டு. இலண்டன் அரச கலைக் கல்லூரியின் கிறிஸ்டபர் ஃபிரெய்லிங் 1993இல் எழுதிய ஒரு சிறு கட்டுரை இத்துறையில் அடிக்கல் போன்றது. கலையைப் பற்றிய ஆய்வு ஒன்று. கலையின் வழியாகச் செய்யும் ஆய்வு மற்றொன்று. கலைக்காகச் செய்யும் ஆய்வு மூன்றாவது என்று அவர் பகுத்தார். முதலிரண்டில் சிக்கல் குறைவு. மூன்றாவதில், தேடலின் முடிவு படைப்பினுள்ளேயே உறைந்துவிடுகின்றது. அதனைச் சொல்லாகப் பிரித்தெடுக்க இயலாது. இத்தகைய தேடலுக்குப் பட்டம் அளிக்கலாமா என்று ஃபிரெய்லிங்கே தயங்கினார் என்பதை அவரை மேற்கோள் காட்டுவோர் பலர் மறந்துவிடுகின்றனர்.

கைக்கு ஓர் அறிவு உண்டு என்பதில் ஐயமில்லை. வேதியியலாராக இருந்து மெய்யியலாராக மாறிய மைக்கேல் பொலானி, மனிதன் சொல்லக் கூடியதைவிட மிகுதியாக அறிந்திருக்கின்றான் என்பதை 1966ஆம் ஆண்டு நூலில் நிறுவினார். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளில் நன்கு அறியப்பட்ட டொனால்ட் ஷோன், தொழில் வல்லார் செயலினூடே சிந்திக்கின்றனர் என்பதை 1983இல் விரித்துரைத்தார். மேலைநாட்டார் சொல்லித்தான் இதனை அறிய வேண்டும் என்பதும் இல்லை. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் திருக்கோயில்களின் குடமுழுக்குக்கு முன்னர்த் தமிழகத்திலிருந்து சிற்பிகளும் வண்ணம் தீட்டுவோரும் வருகின்றனர். கோபுரத்தின் ஏழாம் நிலையில் நிற்கும் சுதையுருவம் கீழே தெருவில் நின்று அண்ணாந்து பார்ப்பவனுக்கு எவ்வாறு தோன்றும் என்பதைச் சிற்பி அறிவான். முகத்தைச் சற்றே முன்சாய்ப்பான். கண்ணைச் சற்றே பெரிதாக்குவான். எவ்வளவு என்று கேட்டால் விரலால் காட்டுவான். வாயால் விளக்க மாட்டான். அது அறிவன்று என்று சொல்லத் துணிபவர் எவர்?

ஆனால், இவ்வாதம் எவ்விடத்தில் கொண்டுபோய் விடுகின்றது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கையறிவு சொல்லில் அடங்காது என்றால், 40,000 சொற்கள் எதற்கு? சொல்லில் அடங்கும் என்றால், படைப்பு எதற்கு? இவ்விரு முனைக் கத்தியின் மேல்தான் அப்பட்டம் நின்றுகொண்டிருக்கின்றது. எழுத்து என்பது விளக்கவுரையன்று, படைப்போடு உடன்நடக்கும் சிந்தனை என்று விடை கூறுவர். சொல்லும்பொழுது அழகாகத்தான் இருக்கின்றது. தேர்வறையில் நடப்பது வேறு. தேர்வாளர்க்கு ஆய்வேடு முன்கூட்டியே அனுப்பப்படுகின்றது. வாரக்கணக்கில் படித்து ஓரத்தில் குறிப்பெழுதுகின்றார். கண்காட்சியையோ ஒரு பிற்பகலில் சுற்றிப் பார்க்கின்றார். கண்காட்சி முடிந்துவிட்டிருந்தால் ஒளிப்படத்தைப் பார்க்கின்றார். பின்னர் வாய்மொழித் தேர்வில் எதைப் பற்றி வினவுவார்? மேற்கோளைப் பற்றி வினவுவார். அடிக்குறிப்பைப் பற்றி வினவுவார். ஓவியம் நன்றாக இல்லை, ஆதலால் பட்டம் இல்லை என்று சொல்லும் துணிவு எத்தனை தேர்வாளர்க்கு வரும்? ஓவியம் மிக நன்று, ஆய்வேடு தேவையில்லை என்று சொல்லும் அதிகாரமோ ஒருவருக்கும் இல்லை. படைப்பு மேடையில் அமர்த்தப்பட்ட மணமகன். முடிவெடுப்பவர்கள் எல்லாம் பின்னறையில்.

இதன் விளைவு இளம் படைப்பாளரின் எழுத்தில் தெரிகின்றது. எழுதப் பயிலாத ஒருவரை எழுதக் கட்டாயப்படுத்தினால், எளிதாகக் கிடைக்கும் பெரிய பெயர்களை அவர் பற்றிக்கொள்வது இயல்பு. தெரிதாவும் தெலூசும் ஆய்வேட்டின் வாயிலில் வாழைமரங்களாகக் கட்டப்படுகின்றனர். ரப்பர்த் தோட்டத்து வரிசைவீட்டைப் பற்றி ஒருவர் படைக்கின்றார் என்று கொள்வோம். பாட்டியின் பால்வாளியும், விடியற்காலைப் பிரட்டுக்களமும் அவர் கைக்குத் தெரியும். ஆய்வேட்டில் அவை பாரிசு நகரத்துச் சொற்களை உடுத்திக்கொண்டுதான் வெளியே வர வேண்டியிருக்கின்றது. அமெரிக்கக் கலை வரலாற்றறிஞர் ஜேம்ஸ் எல்கின்ஸ், முனைவர் பட்டம் பெற்ற கலைஞர்களைப் பற்றி 2009இல் தொகுத்து வெளியிட்ட நூலில், 'ஆய்வு', 'புதிய அறிவு' என்னும் சொற்கள் அறிவியல் துறையிலிருந்து இரவல் வந்தவை என்பதையும், பணத்தின் பொருட்டும் நிருவாகத்தின் பொருட்டுமே ஓவியத்தின் மேல் அவை போர்த்தப்பட்டன என்பதையும் எடுத்துக்காட்டினார். ஆயினும், இப்பட்டம் வந்தே தீரும், வருவதைச் செம்மையாக்குவதே வழி என்பதும் அவர் கருத்து. முன்பாதி முற்றிலும் உண்மை. பின்பாதியை அவ்வளவு விரைவில் ஒப்புக்கொள்ள வேண்டுவதில்லை.

செம்மையாகச் செய்தவர்கள் இல்லாமல் இல்லை. சுவீடனில் மால்மோ கலைக் கல்லூரியின் வழியாக 2006இல் முனைவரான மத்ஸ் லைடர்ஸ்டாம் அத்தகையோருள் ஒருவர். பழைய நிலக்காட்சி ஓவியங்களின் முன் அமர்ந்து படியெடுப்பதும், காண்போர் கையில் பார்வைக் கருவிகளைக் கொடுத்து அவ்வோவியங்களை மீண்டும் பார்க்கச் செய்வதும் அவருடைய முறை. பார்ப்பது என்றால் என்ன என்னும் வினாவைப் பார்க்கச் செய்தே எழுப்புகின்றார். இங்கே தேடலும் படைப்பும் இரண்டல்ல. சுவீடனின் சிறப்பு இன்னொன்றும் உண்டு. 2010 முதல் அந்நாடு கலைக்கென்றே தனியொரு முனைவர் பட்டத்தை ஏற்படுத்தி, அறிவியல் ஆய்வேட்டின் அச்சில் கலையை வார்க்கும் கட்டாயத்தை நீக்கிற்று. அங்கே தேர்வும் பொதுமக்கள் முன்னிலையில் நடைபெறுகின்றது. எதிர்வாதம் செய்வதற்கென்றே ஒருவர் அழைக்கப்படுகின்றார். யார் வேண்டுமாயினும் சென்று அமர்ந்து கேட்கலாம். இங்கிலாந்து முறையிலோ பூட்டிய அறைக்குள் இரண்டு தேர்வாளர். அம்முறையைப் பின்பற்றும் நாடுகளிலும் பெரும்பாலும் அவ்வாறே.

திறந்த வெளியில் வாதிடுவது கலைக்குப் புதிதன்று; மலேசியாவுக்கும் புதிதன்று. 1974இல் கோலாலம்பூரில், டேவான் பஹாசா டான் புஸ்தாகாவின் எழுத்தாளர் மூலையில் ஒரு கண்காட்சி நடைபெற்றது. நடத்தியவர்கள் ரெட்சா பியதாசா, சுலைமான் ஏசா என்னும் இருவர். மேலே சொல்லப்பட்ட ஹார்ன்சி கல்லூரியில் 1960களில் பயின்றவர்கள். மாரா தொழில்நுட்பக் கழகத்தில் ஆசிரியர்களாக இருந்தவர்கள். காட்சிக்கு வைக்கப்பட்டவை ஓவியங்களல்ல. 1974 ஜூன் 10, திங்கட்கிழமை பிற்பகல் 2.46க்குப் பறவை விடுவிக்கப்பட்ட வெறுங்கூண்டு. பாதி குடித்து வைத்த இரண்டு கோகோ கோலா புட்டிகள். எரிந்து தீர்ந்த கொசுவர்த்திச் சுருள்கள். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு முடிதிருத்தகத்தில் திரட்டிய மயிர். அவற்றோடு நீண்டதோர் அறிக்கை. மேலைநாட்டுக் கலை பொருளின் வடிவத்தைக் காண்கின்றது. கீழைநாட்டு மனமோ அதனை நிகழ்வாகக் காண்கின்றது. ஆசியக் கலைஞன் எதற்காக மேலைநாட்டுக் கண்ணை இரவல் வாங்க வேண்டும் என்பது அவ்வறிக்கையின் சாரம்.

அந்தக் கண்காட்சியை விரும்புவதும் வெறுப்பதும் அவரவர் உரிமை. அதனை வெறுத்தவர்களுள் கவிஞர் சாலே பென் ஜோனட் ஒருவர். கண்காட்சியிடத்திலேயே சிறுநீர் கழித்துத் தம் மறுப்பைக் காட்டினார்! பண்பாடற்ற செயல் என்று ஆசிரியர் எவரும் கண்டிப்பர். ஆனால், அத்தோடு அவர் நிற்கவில்லை. 1975இல் டேவான் சாஸ்த்ரா இதழில் அவ்விருவருடைய கருத்துகளையும் கேள்விக்குட்படுத்தி நீண்ட திறந்த மடல் எழுதினார். ஓவியம் பற்றிய வழக்கு நாட்டின் தேசிய மொழியில், இலக்கிய இதழொன்றில், படித்தவர் அனைவர் கண்முன்னும் நடந்தது. படைப்பு இருந்தது, கோட்பாடு இருந்தது, எதிர்வாதி இருந்தார், அவையும் இருந்தது. முனைவர் ஆய்வுக்கு வேண்டிய உறுப்புகள் எல்லாம் இருந்தன. பட்டம் ஒன்றுதான் இல்லை. ஐம்பது ஆண்டுகள் கடந்தும் மலேசியக் கலை வரலாறு பேசுவோர் அதனைக் கடந்து போக முடியவில்லை. இந்த இடைக்காலத்தில் நூலக அடுக்கில் ஏறிய படைப்புவழி ஆய்வேடுகளுள் எத்தனை இப்படி ஊரைப் பேச வைத்தன?

அதற்கும் முன்னே சிங்கப்பூரில் நால்வர் இருந்தனர். லியூ காங், சென் சோங் சுவீ, சென் வென் சி, சியோங் சூ பியெங் என்னும் அந்நால்வரும் 1952இல் பாலித்தீவுக்குச் சென்று மக்களையும் ஆடையையும் உடலசைவையும் ஆழ்ந்து நோக்கினர். சீன மைத்தூரிகை மரபையும் பாரிசு ஓவிய முறையையும் தென்கிழக்காசிய வெயிலில் வைத்துப் பார்த்தனர். மறு ஆண்டில் நடந்த கண்காட்சி ஒரு புதிய ஓவியநெறியின் அடையாளமாயிற்று. களப்பணி என்பது இதுவன்றி வேறென்ன? நால்வருள் மூவர் 1938இல் தோன்றிய நன்யாங் நுண்கலைக் கழகத்தில் ஆசிரியராகவும் இருந்தனர். மலேசியாவின் லத்திஃப் மொஹிதீன் 1960களில் பெர்லினில் பயின்று திரும்பித் தென்கிழக்காசிய நாடுகளில் அலைந்து 'பாகோ பாகோ' என்னும் ஓவிய வரிசையைப் படைத்தார். 2018இல் பாரிசின் பொம்பிடு கலை மையம் அதனைக் காட்சிக்கு வைத்தது. முனைவர் பட்டம் என்னும் ஒற்றை அளவுகோலை மட்டும் கையில் வைத்திருக்கும் தேர்வுக்குழுவின் முன் இவர்கள் இன்று வந்து நின்றால், விண்ணப்பப் படிவத்தின் முதற் பக்கத்திலேயே திருப்பி அனுப்பப்படுவர்.

பட்டம் என்பது பெற விரும்புவோர் பெறும் அணியாக இருந்தவரை அதனால் கேடு குறைவு. அது வேலைவாய்ப்பின் சுங்கச் சாவடியாக மாறும்பொழுதுதான் கேடு தொடங்குகின்றது. மலேசிய அரசு 'மைபிரெய்ன் 15' திட்டத்தின் கீழ் 2023ஆம் ஆண்டுக்குள் 60,000 முனைவர்களை உருவாக்குவது என்று இலக்கு வைத்தது. எண்ணிக்கையை இலக்காக வைத்துவிட்டால் துறை வேறுபாடு தெரியாது. பொறியியலுக்கும் குயவுக்கும் ஒரே அளவுகோல். சிங்கப்பூரிலும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கலை, வடிவமைப்பு, ஊடகப் பள்ளி 2005இல் தோன்றி முனைவர் ஆய்வுக்கும் இடமளித்தது. நன்யாங் நுண்கலைக் கழகமும் லசால் கலைக் கல்லூரியும் இணைந்த கூட்டாகச் சிங்கப்பூர்க் கலைப் பல்கலைக்கழகம் 2024இல் தன் முதல் மாணவரை ஏற்றது. இந்நிறுவனங்களின் மேல் குற்றம் சுமத்துவதற்காக இவை சொல்லப்படவில்லை. இங்கிலாந்தில் 1992க்குப் பின் நடந்தது இங்கும் நடக்குமா என்பதே கவலை.

நடந்தால் இழப்பு யாருக்கு? முதலில் மாணவருக்கு. இருபது ஆண்டுகள் மரவெட்டு அச்சைக் கற்பித்த ஆசிரியர், நாற்பத்தைந்து வயதில் பதவி நிலைக்க வேண்டி ஆய்வேடு எழுத உட்காருகின்றார். அவர் பணிக்கூடத்துக்கு வருவது குறைகின்றது. மாணவன் தன் அச்சுப்பலகையை யாரிடம் காட்டுவான்? உளியைப் பிடிக்கும் கோணம் தவறு என்பதை நூலிலிருந்து அவன் கற்றுக்கொள்ள இயலாது. அருகில் நிற்பவர் கையைப் பிடித்துத் திருத்த வேண்டும். அடுத்த இழப்பு, பட்டமில்லாத படைப்பாளிக்கு. அவர் மணிக்கணக்கில் ஊதியம் பெறும் பகுதிநேர ஆசிரியராகவே முதுமையடைவார். மூன்றாவது இழப்பு ஆய்வுக்கே. வேலைக்காகச் செய்யப்படும் ஆய்வு எப்படியிருக்கும் என்பது கல்வித்துறையில் இருப்போர்க்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆசிரியர் பயிற்சியிலும் இந்தக் காட்சி உண்டு. செயலாய்வு என்பது வகுப்பறைக் குறையைத் தீர்க்க ஆசிரியரே மேற்கொள்ளும் அருமையான முறை. அது பயிற்சி மாணவர் அனைவருக்கும் கட்டாயமாக்கப்பட்டபொழுது, குறை இல்லாத வகுப்பிலும் குறையொன்று கற்பிக்கப்பட்டு, அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் தவறாமல் தீர்ந்துபோகும் விந்தை பிறந்தது.

தமிழர்க்கு இதில் தனிப் பங்கொன்று இருக்கின்றது. பட்டத்தின் மீது இச்சமுதாயத்துக்கு உள்ள மயக்கம் ஊரறிந்தது. ஒருகாலத்தில் தோட்டத்தின் இருளிலிருந்து வெளியேறக் கல்விச் சான்றிதழ் ஒன்றே விளக்காக இருந்தது. ஆதலால், அம்மயக்கத்தின் வேரைப் பழிக்க இயலாது. ஆனால், வேர் வேறு, அதன்மேல் படர்ந்திருக்கும் புல்லுருவி வேறு. நூல் வெளியீட்டு மேடைகளில் 'முனைவர்' என்று விளிக்கப்படுவோர்க்குப் பொன்னாடை முதலில் போர்த்தப்படுகின்றது. எந்தத் துறையில் முனைவர் என்று கேட்பார் இல்லை. பணம் செலுத்தி வாங்கும் 'மதிப்புறு' பட்டங்களும் அதே மேடையில் அதே ஒலியோடு முழங்குகின்றன. இந்தச் சூழலில் ஓவியனுக்கும் ஒரு முனைவர் பட்டம் கிடைக்கும் என்றால், பெற்றோர் மகிழ்வர். "படம் வரைந்து என்ன கிழிக்கப் போகிறாய்?" என்று கேட்ட தந்தை, "பையன் டாக்டருக்குப் படிக்கிறான்" என்று சொல்லிக்கொள்ள வழி பிறந்துவிடும். மகனுடைய ஓவியத்தை அவர் அதற்கு முன்னும் பார்த்ததில்லை. அதற்குப் பின்னும் பார்க்கப் போவதில்லை.

பார்க்கும் பழக்கம் பள்ளியிலிருந்தே வளர்க்கப்படவில்லை. தமிழ்ப்பள்ளிகளில் காட்சிக்கலைக்கென ஒதுக்கப்பட்ட வேளை, தேர்வு நெருங்கும்பொழுது கணிதத்துக்கு இரவல் போவது வழக்கமாகிவிட்டது. இரவல் போன வேளை திரும்பி வந்ததாக வரலாறு இல்லை. தமிழ் நாளேடுகளும் இதழ்களும் கவிதை நூலுக்கு மதிப்புரை எழுதுகின்றன, சிறுகதைக்கு எழுதுகின்றன, கண்காட்சிக்கு யார் திறந்து வைத்தார் என்ற செய்தியோடு சரி. ஆகவே, தமிழ் இளைஞர் ஒருவர் தம் மக்களின் வாழ்வைப் பொருளாக்கிப் படைத்து முனைவரானால், அந்த ஆய்வேடு ஆங்கிலத்தில் பிறந்து ஆங்கிலத்திலேயே உறங்கும். அதில் பேசப்படும் பாட்டிக்கும் தெரியாது. பாட்டியின் மொழியில் எழுதுவோர்க்கும் தெரியாது. எதிர்வாதம் செய்ய ஒருவரும் முன்வராத இடத்தில் அது உண்மையா பொய்யா என்பதை முடிவு செய்வது பூட்டிய அறையில் இருந்த இருவர் மட்டுமே.

பட்டத்தை ஒழித்துவிட வேண்டும் என்பதன்று வழக்கு. வினாவொன்று உள்ளத்தை அரிக்க, அதனைப் படைத்துப் பார்த்தே அறிய முடியும் என்னும் நிலையில் ஒருவர் நான்கு ஆண்டு தேட விரும்பினால், பல்கலைக்கழகம் அவருக்கு இடமும் நேரமும் பணமும் அளிக்கட்டும். ஆனால், தேர்வாளர் முதலில் படைப்பின் முன் நிற்கட்டும். ஒரு பிற்பகலன்று, தேவையான நாள்கள் வரை நிற்கட்டும். அதன்பின் ஆய்வேட்டைத் திறக்கட்டும். படைப்பு தேறாவிடில், எத்துணை வளமான மேற்கோளும் அதனைக் காப்பாற்றக் கூடாது. வாய்மொழித் தேர்வின் கதவு சுவீடனில்போல் திறந்திருக்கட்டும். ஆசிரியர் பணிக்கு இன்னொரு வாயிலும் இருக்க வேண்டும்: பத்து ஆண்டுப் படைப்புகளைக் கொண்டுவந்து வைத்து, துறை வல்லார் முன்னிலையில் ஒரு வகுப்பை நடத்திக் காட்டுபவர், பட்டம் இல்லாவிடினும் முழுநேர விரிவுரையாளராகும் உரிமை பெறட்டும்.

எழுத்தாளர் சங்கங்களால் இயலக்கூடிய செயல் ஒன்றுண்டு. படைப்புவழி ஆய்வு செய்யும் தமிழ்க் கலைஞரை ஆண்டுக்கு ஒருவராயினும் அழைத்து, அவருடைய படைப்புகளைச் சங்கத்தின் மண்டபத்திலேயே வைத்து, ஆய்வின் சாரத்தைத் தமிழில் சொல்லச் செய்யலாம். அன்று அவருக்குப் பொன்னாடை வேண்டாம். கவிதை எழுதுவோரும் கதை எழுதுவோரும் முன்வரிசையில் அமர்ந்து, முதல் ஒரு மணி நேரம் படைப்புகளை வாய் திறவாமல் பார்த்துவிட்டு, பிறகு கேள்வி கேட்கட்டும். அக்கேள்விகளையும் விடைகளையும் அடுத்த தொகுப்பில் அப்படியே அச்சிடட்டும்.